பெயர்க் கட்டம்

பழைய தாளில் அது வெறும் எண்: 1127.
அடியா மீட்டரா என்றுகூட இல்லை.
சம உயரக் கோடுகள் நெருங்கிச் சுற்றி
கைநாட்டுப்போலக் கிடந்தது.
அதற்குப் பெயர் கேட்டு வரத்தான்
ஆடி மூன்றாம் தேதி பாபநாசத்தில் அறை எடுத்தேன்.
மூன்று பென்சில், ஒரு ஜிபிஎஸ்,
நனையாது என்று கடைக்காரன் சத்தியம் செய்த நோட்டு.

முதலில் எஸ்டேட் பக்கம்.
ஞானதிரவியம் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே சொன்னார்:
“சம்பளப் பாறை. மேல ஏறி நின்னா
மாசக் கடேசில ஜீப்பு வருதா இல்லியான்னு தெரியும்.”
இரண்டு விசிலுக்கு நடுவே இவ்வளவுதான்.

இறங்கி விக்கிரமசிங்கபுரத்தில்
மில் எதிரே டீக்கடையில் கேட்டால்
“அதா? மழமூக்கும்மா. அதுல மேகம் ஒட்டிச்சின்னா
கொடியில கெடக்க துணிய எடுக்க
அரைமணி நேரம் இருக்கு.”

காணிக் குடியிருப்பில் மாத்தன்
பாறைப் பக்கம் திரும்பவே இல்லை.
“தேனெட்டாப் புடவு.”
யாருக்கு எட்டவில்லை என்றேன்.
“எங்கப்பனுக்கு எட்டல. எனக்கு எட்டிச்சு.
அதுக்காகப் பேர மாத்துவாங்களா?”

மூன்றும் பொய்யில்லை.
நின்று பார்க்கும் இடம்தான் வேறு.
என் அட்டவணையிலோ ‘பெயர்’ என்று ஒரே கட்டம்,
நாற்பது எழுத்தோடு நின்றுவிடும்.
சென்னையிலிருந்து அதிகாரி போனில் சொன்னார்:
“மெஜாரிட்டி எதுவோ அதப் போடுங்க மேடம்.”
பாறைக்குத் தேர்தல் வைத்தால்
கீழே இருக்கிற ஊர்தான் ஜெயிக்கும்.
கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.

மற்றவை எளிதாகவே வந்தன.
ஒரு கிலோமீட்டர் ஏற்றத்துக்குள்
செருப்புக்கழத்தி, மூச்சுவாங்கி,
அரிசி சிந்துன மேடு.
சிந்தியது யார் என்று யாருக்கும் தெரியவில்லை.
எத்தனை படி என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது:
ரெண்டரை.

ஓடை ஒன்று.
ஆங்கிலத் தாளில் ழகரம் ஏறவில்லை.
அதைப் பார்த்துத் தமிழ்த் தாள் செய்தவர்
வழுக்கோடையை வலுக்கோடை ஆக்கிவிட்டார்.
அச்சுக்கூடத்தில் யாரும்
அந்தக் கல்லில் கால் வைத்துப் பார்த்ததில்லை.

ஈத்தை வெட்டிக்கொண்டிருந்த பேச்சித்தாயிடம்
ஆறு திரும்பும் அந்த வளைவைக் காட்டினேன்.
“பேரு இருக்கு. சொல்ல மாட்டேன்.”
ஏனென்று கேட்டேன்.
“நான் சொன்னா நீ எழுதுவ.
நீ எழுதினா வேன் வரும்.”
கட்டை இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள்.
அது எனக்கான பதில் இல்லை, கட்டுக்கான முடிச்சு.
நான் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.
முகாமுக்கு வந்து
புள்ளியையும் அழித்தேன்.
தாளில் அந்த இடம் மட்டும் கொஞ்சம் மெலிந்திருக்கிறது,
வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும்.

கடைசி நாள் இறங்கும்போது
வலுக்கோடையில், இல்லை, வழுக்கோடையில்,
இடுப்பளவு தண்ணீரில் விழுந்தேன்.
நனையாத நோட்டு நனைந்தது.
வாட்சர் சொரிமுத்து கை கொடுத்துத் தூக்கிவிட்டு
மரத்தைப் பார்த்துச் சிரித்தான்.

ஐப்பசியில் மறுபடி போனேன்.
செக்போஸ்ட்டில் டீ ஊற்றிக்கொண்டிருந்தபோது
வயர்லெஸ் இரைந்தது:
“ஒத்தக்கொம்பன் சர்வேயர் வழுக்குகிட்ட நிக்கான். ஓவர்.”

எது அது என்று யாரும் கேட்கவில்லை.
மாங்கா ஊறுகாய் பாட்டிலை நகர்த்தி வைத்து
ரிஜிஸ்டரில் ஒருவர் எழுதினார்,
நேரம் 4.20,
இடம் என்ற கட்டத்தில் ஒரே மூச்சில் அந்தப் பெயர்.
சொரிமுத்து மட்டும்
டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் சர்வேயர் இல்லை,
நாள் கணக்குக்குப் பெயர் சேகரிப்பவள் என்று
திருத்த வாயெடுத்தேன்.
அதற்குள் வயர்லெஸ் மறுபடி இரைந்தது.
யானை மேலே ஏறிவிட்டதாம்,
அரிசி சிந்துன மேட்டுக்கு.